கழற்றுவதற்கு முன்

(பொத்துவிலில் ஹையர் ஓடும் சாரதிகளும் கராஜ் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

பழைய ஓட்டோ கியர் கார்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எவ்வளவு பழையது என்று நான் கேட்கவில்லை. வாசலில் நிற்கிற வண்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். கொரோலா 110 நிற்கிறது, 121 நிற்கிறது, நிசான் சனி நிற்கிறது, முதல் தலைமுறை ஹொண்டா ஃபிட் ஒன்றும் நிற்கிறது. இவற்றில் எதுவும் நேற்றுக் கப்பலில் வந்ததல்ல.

ஏன் இவ்வளவு காலம் வைத்திருக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அந்தக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் 2022 வந்தது. 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களுக்குள் 360 அளவுக்கு ஏறியது. பெற்றோல் வரிசையில் படுத்துறங்கினோம், பிறகு கியூ.ஆர். காட்டிப் பங்கீட்டில் அடித்தோம். இப்போது இறக்குமதி நடக்கிறது, ஆனால் வரியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் புது வண்டி நம்மில் பலருக்கு எட்டாது. ஆகவே கையில் இருப்பதை ஓட்டித்தான் ஆக வேண்டும். எஞ்சின் போனால் நம் கராஜ் பாஸ்மார் பயப்படுவதில்லை. கியர்பொக்ஸ் போனால்தான் முகம் மாறுகிறது. மாறியதும் என்ன நடக்கிறது? "இறக்குவோம், கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த சாமான் கடையில் வேறு ஒன்று எடுத்துப் போடுவோம்." இந்த ஒரு வசனத்துக்கு எதிராகத்தான் இன்றைக்கு நான் பேச வந்திருக்கிறேன். இறக்குவது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்யவேண்டிய நாலைந்து வேலை இருக்கிறது. அவற்றை நாம் செய்வதில்லை. ஏன் செய்வதில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன். அதில் கராஜ்காரரின் குற்றம் பாதிதான்.

முதலில், வண்டி எங்கே ஓடுகிறது என்று பார்ப்போம். அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்க வருகிறவர்கள் ஊர் திரும்புமுன் எல்லவுக்குப் போகிறார்கள். லாகுகல, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய வரைக்கும் பெரிய சிரமமில்லை. வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு முப்பது கிலோமீற்றருக்கும் குறைவு. ஆனால் அந்தத் துண்டில்தான் வண்டி கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏறி முடிக்கிறது. உள்ளே நாலு பேர், கூரையில் பலகை, ஏசி போட்டபடி. இராவணன் நீர்வீழ்ச்சியடியில் வாகன நெரிசல். கார் நிற்கிறது, அரை அடி நகர்கிறது, நிற்கிறது. சாரதிக்கு அது இளைப்பாறும் நேரம். கியர்பொக்ஸுக்கு அதுதான் தண்டனை நேரம்.

அந்தத் தண்டனை விளங்க, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் டோர்க் கொன்வேர்ட்டர் இருக்கிறது. ஒரு பக்கத்துச் சிறகுகளை எஞ்சின் சுழற்றுகிறது, அவை ஒயிலை வீசுகின்றன, எதிர்ப்பக்கத்துச் சிறகுகள் அந்த ஒயிலின் தள்ளலில் சுழல்கின்றன. இரும்பும் இரும்பும் தொடுவதில்லை, சக்தியைக் கடத்துவது எண்ணெய். கரையோர மக்களாகிய நமக்குப் பிடிக்கும் ஒரு தகவல்: இது காருக்காகப் பிறந்த யோசனையே அல்ல. ஹேர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜேர்மன் பொறியியலாளர் ஸ்டெட்டின் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்தபோது 1905-இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். கப்பலின் நீராவிச் சுழலி மிக வேகமாகச் சுற்றும், அதன் விசிறி மெதுவாகச் சுற்றினால்தான் நீரைத் தள்ளும். இரண்டையும் இணைக்க அவர் எண்ணெயை நடுவில் வைத்தார். காருக்கு முழுத் தானியங்கிக் கியர் வந்தது 1939-இல், அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் வண்டியில். ஜப்பானில் டொயோட்டா 1959-இல் தொடங்கியது. நாம் ஓட்டும் வண்டிகளின் கியர்பொக்ஸ்களைச் செய்கிற பெரிய பெயர்களான ஐசின் வோர்னர், ஜட்கோ இரண்டும் 1969, 1970 அளவில் பிறந்தவை.

எண்ணெய் வழியாகச் சக்தி போகும்போது இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. அந்த வேக வித்தியாசம் முழுவதும் சூடாகிறது. சமதரையில் வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு லொக்கப் கிளச் இரண்டு பக்கத்தையும் பூட்டிவிடும், சூடும் குறையும். ஏற்றத்தில் அது பூட்டாது. நாலு கியர் வண்டி இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மாறி மாறித் தடுமாறும். ஒயில் கொதிக்கும். இந்தத் தொழிலில் ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள்: 80 பாகையை ஒயிலின் சுகமான சூடு என்று வைத்தால், அதற்கு மேலே ஒவ்வொரு பத்துப் பதினொரு பாகைக்கும் ஒயிலின் ஆயுள் பாதியாகும். கணக்குத் துல்லியமில்லை, போக்கு உண்மை. ஆகவே அந்த ஏற்றத்தில் ஓ/டி (ஓவர்டிரைவ்) பட்டனை ஒஃப் பண்ணுங்கள், வளைவு நெருக்கமான இடத்தில் லீவரை 2-க்கு எடுங்கள். நெரிசலில் நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால் நியூட்ரல்.

இதை விடக் கொடுமை நம் ஊரிலேயே நடக்கிறது. கடற்கரை மணலில் கார் புதைந்தால் டி-யில் போட்டு மிதிப்பது, ஆரில் போட்டு மிதிப்பது, மறுபடியும் டி. சில நிமிடத்தில் எல்ல ஏற்றம் முழுவதும் கொடுக்காத சூட்டை அது கொடுத்துவிடும். மண்வெட்டி எடுத்து மணலை வெட்டுங்கள், ரயரின் காற்றைக் குறையுங்கள், நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுங்கள்.

ஒயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். கியர் ஒயிலுக்கு உள்ளே நாலு தொழில். சக்தியைக் கடத்துவது, வால்வுகளைத் தள்ளுவது, சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோவது, கிளச் பிளேட்டுகள் பிடிக்கும்போது சரியான அளவு வழுக்கவும் சரியான அளவு பிடிக்கவும் விடுவது. கடைசித் தொழில்தான் கடினம். எஞ்சின் ஒயிலுக்கு வழுக்கினால் போதும். இதற்கு வழுக்கலும் வேண்டும், பிடியும் வேண்டும். ஒரு காலத்தில் அந்தக் குணத்தைக் கொடுத்தது எது தெரியுமா? திமிங்கில எண்ணெய். நம் திருகோணமலைக் கடலில் தலைகாட்டுகிற ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைத்தான் அமெரிக்கக் கியர் ஒயில்களில் கலந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அதற்குத் தடை வந்தது. அதற்குப் பதிலாகக் கலந்த சாமான்கள் முதலில் சரிவரவில்லை. ஒரு வகை, ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரின் ஒட்டுகளையே அரித்தது. கியர்பொக்ஸ்கள் கூட்டமாகப் பழுதாயின. கியர் ஒயில் தரங்களில் டெக்ஸ்ரன் II, பிறகு III, பிறகு 2005-இல் VI என்று மாறி மாறி வந்த பெயர்களுக்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

கதையை ஏன் சொன்னேன் என்றால், "எல்லாம் சிவப்பு ஒயில்தானே" என்று நம் கடைகளில் சொல்வதால்தான். சிவப்பு வெறும் சாயம், எஞ்சின் ஒயிலோடு குழம்பாமல் இருக்கப் போட்டது. டொயோட்டாவின் டி-IV வேறு, டபிள்யூ.எஸ். வேறு, நிசானின் மெட்டிக் வேறு, ஹொண்டாவினது வேறு. ஹொண்டாவின் பழைய கியர்பொக்ஸ் கட்டமைப்பே வேறு. மற்றவர்கள் கிரக கியர் வைக்க, அவர்கள் மெனுவல் பெட்டி போல நேர்த்தண்டுகளை வைத்தார்கள். பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. இன்னும் வேறு சாதி: பழைய ஃபிட், வெகன் ஆர் போன்றவை. அவற்றுக்கு சி.வி.டி. ஒயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றினால் பெல்ட் வழுக்கும், கப்பியில் கோடு விழும், பிறகு ரிப்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய ஃபிட் புறப்படும்போது உதறுவது பலமுறை ஒயில் பிரச்சினைதான். ஹொண்டா சொன்ன ஒயிலை இரண்டு தடவை மாற்றினாலே அடங்கின வண்டிகள் உண்டு.

இப்போது பெரிய சண்டைக்கு வருவோம். "பழைய கியரில் ஒயிலை மாத்தினா கியர் விழுந்திடும் காக்கா" என்கிறார்கள். இது முழுப் பொய்யல்ல. பத்து வருஷம் ஒயில் மாற்றாமல் ஓடி, கிளச் பிளேட் தேய்ந்து, அந்தத் துகளெல்லாம் மிதக்கிற கறுப்பு ஒயிலில் எப்படியோ பிடித்துக்கொண்டு ஓடுகிற வண்டி ஒன்று இருக்கும். அதற்குப் புது ஒயில் ஊற்றினால் வழுக்கத் தொடங்கலாம். ஆனால் அது புது ஒயிலால் செத்ததல்ல, முன்பே செத்தது. ஒயில் மாற்றிய பாஸின் தலையில் பழி விழும், அவ்வளவுதான். அதனால் என் வழி இது. ஒயில் பழுப்பாக இருந்து, வாசம் சரியாக இருந்து, கியரும் ஒழுங்காக மாறினால் மாற்றுங்கள். மெஷினைக் கொழுவி அழுத்தத்தில் கழுவ வேண்டாம். கீழ்த் தட்டின் போல்ட்டைத் திறந்து வடியுங்கள். உள்ளே இருப்பதில் பாதிக்கும் குறைவாகத்தான் வரும், மீதி கொன்வேர்ட்டரில் நிற்கும். அதே அளவு ஊற்றி, சில நூறு கிலோமீற்றர் ஓடி, மறுபடி வடியுங்கள். ஒயில் கறுத்து, எரிந்த வாசம் அடித்து, கியரும் வழுக்கினால் ஒயிலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வழுக்கலை நிறுத்தும் என்று போத்தலில் விற்கிற மருந்துகளுக்கும் வேண்டாம்.

மீட்டரை நம்பி ஒயில் மாற்றும் காலத்தைக் கணக்கிடவும் முடியாது. ஜப்பானிலிருந்து வரும்போது அதில் என்ன இருந்தது, இங்கே வந்தபின் எத்தனை கைகள் அதைத் திருப்பின என்று யாருக்குத் தெரியும்? கைநூலில் 'கடும் பாவனை' என்று ஒரு பகுதி இருக்கும், பலர் வாசிப்பதில்லை. மலை ஏற்றம், வெயில், டக்சி ஓட்டம், நிறைந்த பாரம். நாம் செய்வது அத்தனையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஹையர் வண்டிக்கு நாற்பதாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை என்று நான் சொல்வேன். அது அதிகச் செலவு என்கிறவர்கள் ஒரு கியர்பொக்ஸின் விலையையும் விசாரித்துவிட்டு வரட்டும்.

சரி, வண்டி கராஜுக்கு வந்துவிட்டது. டி-யில் போட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் இழுக்கிறது, அல்லது ரிவர்ஸ் இல்லை, அல்லது எஞ்சின் இரைகிறது வண்டி போகவில்லை. முதல் வேலை டிப்ஸ்டிக். அதைக்கூட ஒழுங்காகப் பார்க்கிறவர்கள் குறைவு. டொயோட்டாவில் வண்டியை ஓட்டிச் சூடாக்கி, சமதரையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய்ப் பார்க்கில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹொண்டாவில் சூடாக்கியபின் எஞ்சினை நிறுத்தி, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். முறையை மாற்றிப் பார்த்தால் இல்லாத குறை தெரியும், இருக்கிற குறை தெரியாது. ஒயில் குறைவென்றால் ஒழுகும் இடத்தைத் தேடுங்கள். ஒயில் இளஞ்சிவப்புப் பால் போல இருந்தால் ரேடியேட்டருக்குள்ளே கூலர் வெடித்துத் தண்ணீர் கலந்துவிட்டது. அப்போது ஒரு கிலோமீற்றர்கூட ஓடாதீர்கள். கிளச் பிளேட்டின் மேல் ஒட்டியிருப்பது காகிதம் போன்ற பொருள். தண்ணீர் பட்டால் அது ஊதும், ஒட்டு விடும். 2024 நவம்பர் வெள்ளத்தில் நம் கரையோரம் முழுவதும் நின்ற தண்ணீரில் மூழ்கிய கார்களுக்கும் இதே கதிதான். எஞ்சின் ஒயிலை மாற்றி ஸ்டார்ட் பண்ணினார்கள், கியர் ஒயிலை யாரும் திறந்து பார்க்கவில்லை.

இரண்டாவது, மின்சாரம். நம் கராஜ்களில் அதிகம் தவறவிடுவது இதைத்தான். கடற்காற்றில் உப்பு இருக்கிறது. கியர்பொக்ஸுக்குப் போகும் வயரின் பிளக்குகளில், நியூட்ரல் சுவிட்சில், பொடியின் எர்த் வயரில் பச்சை பூக்கிறது. சிக்னல் சரியாக வராவிட்டால் கொம்பியூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே கியரில் பூட்டிக்கொள்ளும். வண்டி மூன்றாவதில் புறப்படும், சாமான் ஏற்றிய லொறி போல இழுக்கும். சாரதி "கியர் போச்சு" என்பார். ஒரு 121-க்கு இன்னொரு கியர்பொக்ஸுக்கே முற்பணம் கட்டியிருந்தார்கள். பிளக்கைக் கழற்றித் துடைத்து இறுக்கியதும் அது நாலு கியரிலும் ஓடியது.

ஸ்கேனர் இருந்தால் கொழுவுங்கள். பி 0700-களில் வரும் கோட் எல்லாம் கியர் சம்பந்தப்பட்டவை. பி 0741 என்றால் லொக்கப் கிளச் பூட்டவில்லை, பி 0750 என்றால் கியரை மாற்றும் மின்வால்வான முதல் ஷிஃப்ட் சொலினொயிட் பழுது. ஸ்கேனர் பேசாத 90-களின் டொயோட்டாவிலும் வழி இருக்கிறது. எஞ்சின் அறையில் இருக்கும் சோதனைப் பெட்டியில் டி.ஈ.1, ஈ.1 என்ற இரண்டு துளையையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் ஓ/டி ஒஃப் விளக்கு மின்னி மின்னி எண் சொல்லும். தம்பிமார் இதைப் படித்துக்கொள்ள வேண்டும், செலவு ஒரு துண்டு வயர்தான். சொலினொயிட் பழுதென்றாலும் கியர்பொக்ஸை இறக்க வேண்டியதில்லை. பல வண்டிகளில் கீழ்த்தட்டைக் கழற்றினால் அவை கைக்கு எட்டும்.

மூன்றாவது, துரொட்டில் கேபிள். சில பழைய வண்டிகளில் அக்சிலேட்டரிலிருந்து கியர்பொக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். அது தளர்ந்தால் உள்ளே ஒயில் அழுத்தம் குறையும், கிளச் முழுப் பலத்தோடு பிடிக்காது, மெதுவாக எரியும். இரண்டு நட்டைத் திருகிச் சரிசெய்கிற வேலை. இதைப் பார்க்காமல் ஓவர்ஹோல் பண்ணினால் புதுப் பிளேட்டும் அதே மாதிரி எரியும்.

நாலாவது ஸ்டால் டெஸ்ட். கை பிரேக், கால் பிரேக் இரண்டும் இறுக்கி, முன்னால் ஆள் யாரும் நிற்காமல், டி-யில் போட்டு முழுதாக மிதித்து எஞ்சின் எத்தனை சுற்றுக்குப் போகிறது என்று பார்ப்பது. ஐந்து வினாடிக்கு மேல் கூடாது, ஆறவிடாமல் திரும்பச் செய்யவும் கூடாது. கைநூல் சொல்வதைவிட டி-யிலும் ஆரிலும் கூடப் போனால் அழுத்தம் குறைவு, பம்பையும் வடிகட்டியையும் பாருங்கள். ஒன்றில் மட்டும் கூடினால் அந்தப் பக்கக் கிளச். இரண்டிலும் குறைந்தால் குற்றம் கியரில் இல்லை, எஞ்சினுக்குப் பலமில்லை, அல்லது கொன்வேர்ட்டருக்குள் ஒருவழிக் கிளச் போய்விட்டது. பிறகு கீழ்த்தட்டு. அதில் காந்தம் இருக்கும். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் அது வயதுக்குரிய தேய்வு. தட்டில் மினுங்குகிற செதில், பித்தளைத் துண்டு, கறுத்த நார் இருந்தால்தான் "இறக்குவோம்" என்று சொல்ல உரிமை வருகிறது.

இறக்கியபின் பஞ்சிகாவத்தைச் சாமானா, ஓவர்ஹோலா? சீல், பிளேட் கிட் கிடைக்கிற பொதுவான மொடல் என்றால், சுத்தமான மேசையும் பொறுமையும் உள்ள ஆள் என்றால் ஓவர்ஹோல் எனக்குப் பிடிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். இரண்டும் இல்லாவிட்டால் பாவித்த பெட்டியே மேல். ஆனால் அதன் ஒயிலை முகர்ந்து பாருங்கள், தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், காட்டமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். பூட்டும்போது இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். ஒன்று, ரேடியேட்டர் கூலரைக் கழுவாமல் பூட்டுவது. பழைய பெட்டியின் தூள் முழுவதும் முதல் நாளே புதியதற்குள் போய்விடும். மற்றது, கொன்வேர்ட்டர் பம்புக்குள் முழுதாக அமராமல் எஞ்சினோடு வைத்து போல்ட்டால் இறுக்கி இழுப்பது. பம்பு அந்த இடத்திலேயே உடையும். கொன்வேர்ட்டரைக் கையால் சுழற்றித் தள்ளும்போது படிப்படியாக உள்ளே இறங்கும். கடைசிப் படியும் இறங்கிவிட்டதா என்று அளந்து பாருங்கள். பெட்டியும் எஞ்சினும் போல்ட் இல்லாமலே ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும்.

லாகுகல காட்டு வழியில் நின்றுபோன காரை டிரக்டரில் கட்டி இழுத்து வருகிற பழக்கத்தையும் விடுங்கள். ஒயில் பம்பைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்ற வண்டியின் முன் சில்லுகள் தரையில் உருண்டால் உள்ளே கியர்கள் ஒயிலில்லாமல் சுற்றும். சின்னக் குறையோடு நின்ற வண்டி பெரிய குறையோடு ஊர் சேரும். முன் சில்லைத் தூக்கி இழுங்கள், அல்லது ஏற்றி வாருங்கள். யானை பயம் எனக்கும் தெரியும். வெளியான இடம் வரைக்கும் மெதுவாக இழுத்துவிட்டு நிறுத்துங்கள்.

இனி அந்த மீதிப் பாதிக் குற்றம். வாடிக்கையாளர்களாகிய நாம், பார்த்ததற்குக் காசு கொடுப்பதில்லை. அரை நாள் டிப்ஸ்டிக், வயர், கேபிள், ஸ்கேன் எல்லாம் பார்த்து, "ஒன்றுமில்லை காக்கா, பிளக்தான்" என்று சொல்லும் பாஸுக்கு, "பிளக் துடைக்க இவ்வளவா?" என்று முகம் சுளித்துச் சில நூறு ரூபாயை நீட்டுகிறோம். கியர்பொக்ஸை இறக்கி ஏற்றியவருக்குப் பல்லாயிரம் எண்ணிக் கொடுக்கிறோம். பிறகு ஏன் எல்லாரும் இறக்குகிறார்கள் என்று கேட்டால்? நேர்மையாகப் பார்க்கிறவனைத் தண்டித்து, கழற்றுகிறவனுக்கு நாம்தான் பரிசு கொடுக்கிறோம். கராஜ்காரர்களுக்கு என் கோரிக்கை: பார்க்கும் கூலி இவ்வளவு என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். அந்தக் காசுக்கு ஒரு தாளும் கொடுங்கள். ஒயில் மட்டம், நிறம், வந்த கோட், ஸ்டால் டெஸ்டில் எத்தனை சுற்று, தட்டில் என்ன இருந்தது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ போய் வேறு ஆளிடம் கேட்கட்டும். சண்டை வராது. தாள் இல்லாமல் "கியர் போச்சு" என்று யார் சொன்னாலும் வண்டிக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும்.

கேள்விகள் சீட்டில் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நேரமில்லை. எல்லவிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெற்றோல் மிச்சமா என்று மூன்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள், அதற்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். மிச்சமில்லை. இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் போட்டபடி அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் எஞ்சினுக்குப் பெற்றோலே போவதில்லை, சில்லுகள்தான் அதைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெற்றோல் போய்க்கொண்டே இருக்கும். பம்பு மெதுவாகச் சுற்றும்போது சில்லுப் பக்கம் வேகமாகச் சுற்றும், ஒயில் போதாது. பாரம் முழுவதும் பிரேக் தட்டில் விழும், பிரேக் ஒயில் கொதித்தால் மிதி தரையைத் தொடும். 2-இல் இறங்குங்கள். எஞ்சின் இரையும், இரையட்டும்.